காண்பதும் காப்பதும்

கடலைக் கண்டவர் பலர். கடலுக்குள் கண்டவர் சிலர். கரையில் நின்று நோக்குவோர்க்குக் கடல் என்பது அலை, நிறம், தொடுவானம் என்னும் மூன்றே. அதன் மேற்பரப்பு ஒரு திரை. அத்திரையை நீக்கி உள்ளே நோக்கும் வாய்ப்பு மனித குலத்திற்கு நெடுங்காலம் கிட்டவில்லை. முத்துக் குளிப்போரும் சங்கு எடுப்போரும் மூச்சை அடக்கிக் கீழே சென்றனர். ஆயினும் அவர்கள் சென்றது எடுப்பதற்கே அன்றிக் காண்பதற்கு அன்று. ஒரு மூச்சுத் தாங்கும் சிறு பொழுதில் நின்று காண நேரம் ஏது?

1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும், மூச்சின் தேவைக்கேற்பக் காற்றை அளந்து தரும் கருவி ஒன்றை உருவாக்கினர். அதன் பின்னரே மனிதன் நீருக்குள் நிதானித்துக் காணக் கற்றான். அவன் கண்டதைக் கரையில் உள்ளோர்க்குக் கொண்டுவரத் துணை நின்றது நிழற்படக் கருவி. எதையும் பறிக்காமல், எவ்வுயிரையும் கொல்லாமல், ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும் கலை அது. அக்கலை நாள்தோறும் நிகழும் இடங்களுள் ஒன்று சபா மாநிலத்தின் தென்கிழக்குக் கடலில் உள்ளது. அங்குள்ள வாழ்வை உற்று நோக்குவோர் உள்ளத்தில், காண்பதற்கும் காப்பதற்கும் உள்ள உறவு யாது என்னும் வினா தானே எழும்.

இரு தீவுகள்

செம்போர்ணா நகரத்தின் படகுத்துறையில் விசைப்படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் மாபுல் தீவை அடையலாம். கால்நடையாகவே சுற்றிவிடக்கூடிய சிறு தீவு அது. தென்னை மரங்களும் வெண்மணலும் அதற்கு அழகு. நீரின்மேல் மரக்கால்களில் நிற்கும் முக்குளிப்பு விடுதிகள் ஒருபுறம். அதே போன்று மரக்கால்களில் நிற்கும் ஏழை எளியோரின் பலகை வீடுகள் மறுபுறம். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு சில நூறு அடிகளே.

மாபுலிலிருந்து மேலும் அரை மணி நேரப் படகுப் பயணத்தில் சிப்பாடான் தீவு இருக்கிறது. மலேசியாவின் ஏனைய தீவுகளுள் பெரும்பாலானவை ஆழமற்ற கடலின்மேல் அமைந்தவை. சிப்பாடானோ ஆழ்கடலின் அடியிலிருந்தே ஏறக்குறைய 600 மீட்டர் எழுந்து நிற்பது. அணைந்துபோன எரிமலை ஒன்றின் உச்சியில் பவள உயிரிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கோபுரம் அது. கரையோரத்தில் முழங்கால் அளவு நீரில் நடப்பவர் சிறிது தொலைவு சென்றதும் பாறையின் விளிம்பை அடைவார். அதற்கப்பால் தரையில்லை, கருநீலமே உண்டு.

பவளம் என்றதும் தமிழர் நெஞ்சில் தோன்றுவது நவமணிகளுள் ஒன்றான செந்நிற மணியாகும். மத்தியதரைக் கடல் முதலிய இடங்களில் சற்று ஆழத்தில் வளரும் ஒருவகை உயிரி விட்டுச்செல்லும் உடற்கூடே அம்மணி. வெப்பக் கடல்களில் பாறையாக வளரும் பவளம் அதன் உறவினம். எனினும் அதனின் வேறானது. கடுகு முதல் கட்டைவிரல் நகம் வரையிலான அளவுடைய எண்ணற்ற உயிரிகள் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டி வாழ்கின்றன. அவற்றின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி கதிரொளியால் உணவு சமைத்துப் பவளத்திற்குத் தருகிறது. பவளம் பாசிக்கு உறைவிடம் தருகிறது. கொடுத்தும் கொண்டும் வாழும் அந்தச் சிற்றுயிர்களின் உழைப்பாலேயே பெருங்கடலின் நடுவே ஒரு தீவு நிற்கிறது.

சிப்பாடானின் புகழை உலகறியச் செய்தது ஒரு படமேயாகும். கூஸ்தோவின் குழுவினர் அங்கு வந்து எடுத்த ஆவணப்படம் 1989இல் வெளியாயிற்று. அதன்பின் பல நாட்டினரும் அங்கு வரலாயினர். தீவிலேயே விடுதிகள் பெருகின. புகழோடு துன்பமும் வந்தது. 2000 ஏப்ரல் 23ஆம் நாள் ஆயுதமேந்தியோர் சிப்பாடானுக்குள் புகுந்து, சுற்றுலாப் பயணிகளும் விடுதித் தொழிலாளருமாக 21 பேரைப் பிணையாகக் கடத்திச் சென்றனர்.

சிப்பாடான் யாருக்கு உரியது என்பதில் மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே வழக்கும் இருந்தது. அனைத்துலக நீதிமன்றம் 2002 டிசம்பர் 17ஆம் நாள் மலேசியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிப்படை எண்ணிப் பார்க்கத்தக்கது. பழைய உடன்படிக்கைகளும் நிலப்படங்களும் வழக்கை முடித்து வைக்கவில்லை. ஆமை முட்டை சேகரிப்பதை ஒழுங்குபடுத்தியது, 1933இல் தீவைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தது, 1962இல் கலங்கரை விளக்கம் அமைத்தது ஆகிய நிருவாகச் செயல்களே சான்றுகளாக நின்றன. நாள்தோறும் பேணியவருக்கே தீவு உரியதாயிற்று என்று அதனைச் சுருங்கக் கூறலாம். தீவின் நலம் கருதி அங்கிருந்த விடுதிகள் 2004ஆம் ஆண்டின் முடிவில் அகற்றப்பட்டன. பகலில் வரம்பிட்ட எண்ணிக்கையினர்க்கு மட்டுமே அனுமதி என்னும் முறையும் வந்தது. தங்குவோர் மாபுல் முதலிய தீவுகளுக்கு இடம் மாறினர்.

விடுதியின் ஒரு நாள்

முக்குளிப்பு விடுதியில் நாள் என்பது கதிரவனுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வானம் வெளுக்குமுன் சமையற்கூடத்தில் விளக்கு எரிகிறது. பின்கட்டில் காற்றழுத்தி இயந்திரம் முழங்குகிறது. தொழிலாளர் இருவர் வெறுங்கலன்களை வரிசையாக நிறுத்திக் காற்று நிரப்புகின்றனர். அக்கலன்களில் இருப்பது பிராணவாயு என்று பலர் எண்ணுவர், அஃது உண்மையன்று. வடிகட்டப்பட்ட சாதாரணக் காற்றே ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது.

உணவுக்கூடத்தின் சுவரில் ஒரு வெண்பலகை. அன்று யார் எந்தப் படகில் எந்த இடத்திற்குச் செல்வர் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். சிப்பாடானுக்குச் செல்லும் அனுமதி பெற்றவர் முகத்தில் மலர்ச்சி. மாபுலைச் சுற்றியே முக்குளிக்க வேண்டியவர் முகத்தில் சிறு வாட்டம். அவ்வாட்டம் மாலைக்குள் மறைந்துவிடும் என்பதை வழிகாட்டிகள் அறிவர். நாசி கோரெங்கும் முட்டையும் காப்பியும் கொண்ட காலை உணவு விரைவில் முடிகிறது. அந்த முட்டையும் அரிசியும் காய்கறியும், குடிநீரும்கூடப் பெரும்பாலும் செம்போர்ணாவிலிருந்து படகில் வந்தவையே. காற்றும் அலையும் மிகுந்த நாளில் சமையற்காரர்தம் முதற்கவலை கடலைப் பற்றியதாகவே இருக்கும்.

படகு புறப்படுமுன் வழிகாட்டி அனைவரையும் கூட்டிச் சொல்பவை நாள்தோறும் அவையேதான். ஆயினும் ஒரு நாளும் சொல்லாமல் விடுவதில்லை. மூச்சை அடக்கக் கூடாது. மேலே வரும்போது விரையக் கூடாது. துணைவரை விட்டுப் பிரியக் கூடாது. எதையும் தொடக் கூடாது. நீருக்குள் பேச்சில்லை ஆதலின் கைச்சைகையே மொழி. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் நிலத்தில் ‘நன்று’ என்று பொருள். நீருக்குள்ளோ ‘மேலே செல்வோம்’ என்று பொருள். நன்று என்பதற்குக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்ட வேண்டும். ஒரே குறி இடத்திற்கேற்பப் பொருள் மாறும் என்பதை இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இங்கே கண்டு மகிழலாம்.

இவ்விதிகள் வெறும் சடங்குகள் அல்ல. 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. ஆழத்தில் சுவாசித்த காற்று மேலே வரும்போது விரிகிறது. மூச்சை அடக்கியவாறு எழுபவரின் நுரையீரல் கிழிந்துவிடக் கூடும். இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற நேரம் வேண்டும். விரைந்து எழுந்தால் அது குமிழிகளாகி உடலை முடக்கும். ஆகவேதான் முக்குளிப்பாளர் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று மணித்துளிகள் நின்று, பின்னரே மேலே வருகின்றனர். கடலுக்குள் அவசரக்காரனுக்கு இடமில்லை.

ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு முறை இறங்குவர். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இடையே கரையில் இளைப்பாறல், தேநீர், பலகாரம், பதிவேட்டில் குறிப்பு எழுதுதல். ஆழம், நேரம், நீரின் தெளிவு, கண்ட உயிர்கள் ஆகியவற்றைக் கவனமாக எழுதிக்கொள்ளும் முதியோரைக் காண்கையில், வகுப்பறையில் இயற்கைப் பாடக் குறிப்பு எழுதும் மாணாக்கர் நினைவுக்கு வருவர்.

மாலை மயங்குமுன் படகுகள் யாவும் கரை சேர்கின்றன. 2013இல் லகாட் டத்துவில் ஆயுதக் குழுவினர் ஊடுருவியதற்குப் பின், 2014 முதல் சபாவின் கீழ்த்திசைக் கடலில் மாலை 6 மணிக்கு மேல் படகுகள் நடமாடத் தடை விதிக்கப்பட்டது. அத்தடை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. விருந்தினர் உணவுண்டு சிரித்துப் பேசும் வேளையில் கரையோரம் காவலர் விழித்திருப்பர். அமைதி என்பது அங்கே தானாகக் கிடைப்பதன்று. சிலருடைய விழிப்பால் கிடைப்பது.

நீருக்குள் ஒளி

நீரடி நிழற்படக் கலைக்கு 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1856இல் இங்கிலாந்தில் வில்லியம் தாம்ஸன் என்பவர், பெட்டிக்குள் வைத்த படக்கருவியைப் படகிலிருந்து கடலுக்குள் இறக்கினார். பெட்டிக்குள் நீர் புகுந்தது. எனினும் மங்கலாக ஒரு படம் பதிந்தது. 1893இல் பிரெஞ்சு நாட்டின் பான்யூல் கடற்கரையில் லூயி பூட்டான் தாமே நீருக்குள் இறங்கிப் படமெடுத்தார். 1926இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர் மிதவையின்மேல் மக்னீசியத் தூளை எரித்து, அதன் ஒளியில் முதல் வண்ணப் படத்தை எடுத்தனர். 1963இல் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட நிக்கோனாஸ் என்னும் கருவி நீருக்கென்றே அமைந்தது. ஒரு சுருளுக்கு 36 படங்கள். நீருக்குள் சுருளை மாற்ற இயலாது. ஆகவே ஒவ்வொரு படத்திற்கும் முன் ஒரு சிந்தனை இருந்தது. இன்றைய மின்னியல் கருவியில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். படம் பெருகிற்று, சிந்தனை பெருகிற்றா என்பதை எடுப்பவரே அறிவர்.

விடுதியில் படக்கருவிக்கென்றே தனி மேசை உண்டு. துண்டு விரித்து, விளக்கின்கீழ் அமர்ந்து, அறுவை மருத்துவரைப் போல் வேலை செய்கின்றனர். கருவியைச் சுற்றி நீர் புகாக் கூடு. கூட்டின் மூடி பொருந்துமிடத்தில் ஒரு ரப்பர் வளையம். அவ்வளையத்தில் ஒரு தலைமயிரோ ஒரு மணல் துகளோ சிக்கினால் போதும். உப்புநீர் புகுந்து பல்லாயிரம் வெள்ளிப் பெறுமானமுள்ள கருவி பாழாகும். ஆதலால் வளையத்தைத் துடைத்து, மெல்லிய மசகு பூசி, மூடி, முதலில் நன்னீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி எழுகிறதா என்று பார்க்கின்றனர். பெரிய முயற்சிகள் சிறிய கவனக்குறைவால் கெடும் என்னும் பாடத்தை அத்தொட்டியின் அருகே நின்று எவரும் கற்கலாம்.

நீருக்குள் ஒளியின் இயல்பே வேறு. கண்ணாடிக்குள்ளிருந்து நோக்குவோர்க்கு 4 மீட்டர் தொலைவில் உள்ள பொருள் 3 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். மேலும், கதிரவன் ஒளியின் நிறங்களை நீர் ஒவ்வொன்றாக விழுங்குகிறது. முதல் சில மீட்டர்களிலேயே சிவப்பு மறைகிறது, அடுத்துச் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள். ஆழம் கூடக்கூட எஞ்சுவது நீலமும் பசுமையும்தான். 20 மீட்டர் ஆழத்தில் விரல் கீறிக் குருதி கசிந்தால் அது பச்சை கலந்த கருமையாகத் தோன்றுமேயன்றிச் சிவப்பாகத் தோன்றாது. செக்கச்சிவந்த கடல்விசிறி அங்கே சாம்பல் பூத்த கிளையாக நிற்கும்.

படமெடுப்பவர் தம் கருவியின் இருபுறமும் மின்னொளி விளக்குகளை நீட்டி வைத்திருக்கிறார். விசையை அழுத்திய கணத்தில் ஒளி பாய்கிறது. சாம்பற் கிளை தழலாய்ச் சிவக்கிறது. மறுகணம் மீண்டும் சாம்பலாகிறது. நிறம் அங்கே இல்லாமற் போகவில்லை. அதைக் காட்டும் ஒளிதான் இல்லை. மாணவனின் அறிவும் அத்தகையதன்றோ? அருகே சென்று ஒளி தருவோர் வரும்வரை பல உள்ளங்கள் சாம்பல் நிறமாகவே எண்ணப்படுகின்றன.

அந்த ஒளியையும் நேராகப் பாய்ச்சலாகாது. நீரில் மிதக்கும் துகள்கள் யாவும் ஒளிபட்டு வெண்பனி பொழிவதுபோல் படத்தைக் கெடுத்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் விலக்கி, பொருளுக்கு மிக அருகே சென்று, இடையில் உள்ள நீரைக் குறைப்பதே வழி. அருகே செல்ல வேண்டும். ஆனால் அஞ்சும்படி செல்லலாகாது. இதுவே இக்கலையின் உயிர்நிலை.

காத்திருக்கும் கலை

சிப்பாடானின் காட்சிகள் பெரியவை. விடியலில் நெற்றி புடைத்த கிளிமீன்கள் எருமை மந்தைபோல் கூட்டமாய் வருகின்றன. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் அம்மீன்கள் பவளத்தைக் கடித்து மென்று, உணவை உறிஞ்சியபின் மணலாக வெளியேற்றுகின்றன. கரையில் விருந்தினர் நடந்து மகிழும் வெண்மணலில் அவற்றின் பங்கும் உண்டு. சீலாமீன்கள் ஆயிரக்கணக்கில் கூடிச் சூறாவளிபோல் சுழன்று எழுகின்றன. பச்சை ஆமைகள் பாறைத் திட்டுகளில் உறங்குகின்றன. தீவின் அடியே ஒரு குகை உண்டு. அதற்குள் நுழைந்து வழி தவறி, மூச்சுக்கு மேலே வர இயலாமல் மாண்ட ஆமைகளின் எலும்புகள் அங்கே கிடக்கின்றன. கடலில் பிறந்து கடலில் வாழினும் ஆமைக்கும் காற்று வேண்டும் என்பதை அவ்வெலும்புகள் நினைவூட்டுகின்றன.

மாபுலின் காட்சிகள் சிறியவை. சேறும் மணலும் உடைந்த பவளமும் பழைய பலகையும் கிடக்கும் படகுத்துறை அடியில்தான் அவை உள்ளன. கடற்பஞ்சுபோல் தோன்றும் தவளைமீன், கல்லே என மயக்கும் நஞ்சுடைய கல்மீன், ஓடில்லாத வண்ணக் கடல்நத்தை ஆகியவற்றை முதல்நாள் வருவோர் காண்பதில்லை. வழிகாட்டி விரலால் காட்டியும் பலருக்குத் தெரிவதில்லை. மெல்ல மெல்லக் கண் பழகுகிறது. பழகியபின், ஒன்றுமில்லை என்று எண்ணிய இடமெங்கும் உயிர்கள் தோன்றுகின்றன. காலையில் வாடிய முகங்கள் மாலையில் மலர்வதன் காரணம் இதுவே.

கதிரவன் மறையும் வேளையில் உடைந்த பவளக் குவியலின் அருகே சிலர் அசையாமல் காத்திருக்கின்றனர். மாண்டரின் மீன் என்பது விரல் நீளமே உள்ளது. நீலமும் செம்மஞ்சளும் கலந்த பட்டுத்துணிபோன்ற உடலுடையது. பகலெல்லாம் பவளச் சிதைவுக்குள் மறைந்திருந்து, அந்தியில் ஆணும் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் சேர்ந்து சிறிது மேலெழுந்து, முட்டையை நீரில் விட்டு, கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடும். செவ்வொளி அவற்றை அதிகம் கலைப்பதில்லை ஆதலின் வழிகாட்டிகள் சிவப்பு விளக்கையே பயன்படுத்துவர். அரை மணி நேரக் காத்திருப்புக்கு ஓரிரு கணங்களே பயன். அதுவும் தவறினால் மறுநாள் மாலைதான்.

பொறுமை இல்லாதவர் குறுக்கு வழி தேடுகின்றனர். மறைந்திருக்கும் நண்டைக் குச்சியால் இழுத்து வெளியே வைப்பவர் உண்டு. கடற்குதிரையை நல்ல பின்னணிக்குத் திருப்பி வைப்பவரும் உண்டு. நீல வளையப் பேய்க்கணவாய் என்னும் சிற்றுயிரி கொடிய நஞ்சுடையது; அமைதியாய் இருக்கும்போது மங்கிய நிறத்திலே இருக்கும். துன்புறுத்தினால்தான் அதன் நீல வளையங்கள் சுடர்விடும். சுடர்விடும் வளையங்களோடு கூடிய படத்தைக் கண்டு உலகம் வியக்கிறது. அவ்வழகு பலபோது அவ்வுயிரின் அச்சமே என்பதைச் சிலரே எண்ணுகின்றனர்.

குள்ளக் கடற்குதிரையின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. ஏறக்குறைய 2 செண்டிமீட்டர் நீளமே உள்ள அவ்வுயிர், தான் பற்றி வாழும் கடல்விசிறியின் முடிச்சுகளைப் போலவே தோன்றும். 1969இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் காட்சிச்சாலைக்காகக் கடல்விசிறி ஒன்றை எடுத்து வந்து ஆராய்ந்தபோதுதான் அதன் இருப்பு தெரியவந்தது. அன்று பறித்த பிறகே அறிய முடிந்தது. இன்றோ வழிகாட்டி சுட்டிக்காட்ட, இருந்த இடத்திலேயே கண்டு, இரண்டொரு படம் எடுத்து விலக முடிகிறது. பறித்து அறிவதிலிருந்து விட்டுவைத்து அறிவதற்கு வந்தது மனித அறிவின் வளர்ச்சி எனலாம். அவ்வளர்ச்சியைக் குச்சியேந்திய கை பின்னுக்கு இழுக்கிறது.

படம் சான்றாகும்போது

அழகுக்காக எடுத்த படம் காலப்போக்கில் சான்றாகவும் மாறுகிறது. செம்போர்ணா வட்டாரக் கடலில் முக்குளிப்போர் சிலவேளைகளில் தொலைவில் இடிபோன்ற ஓசை கேட்பர். புட்டியில் உரமும் எண்ணெயும் அடைத்துச் செய்த வெடியால் மீன்பிடிப்பதன் ஓசை அது. நீரில் ஒலி காற்றினும் நான்கு மடங்கு விரைந்து செல்வது. ஒரு வெடி சில கூடை மீனைத் தருகிறது. பல்லாண்டு வளர்ந்த பவளத்தைக் கற்குவியலாக்குகிறது. 2006 மே மாதத்தில் கட்டுமானப் பொருள் ஏற்றிய படகு ஒன்று சிப்பாடான் பவளப்பாறையில் மோதிச் சிதைத்தது. கடல்நீரின் வெப்பம் ஏறும்போதோ வெடியும் வேண்டியதில்லை. பவளம் தன்னுள் குடியிருந்த பாசியை இழந்து வெளிறுகிறது. வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடிகிறது. உலகளாவிய பவள வெளிறல் நான்காம் முறையாக நிகழ்வதை அறிவியலார் 2024 ஏப்ரலில் அறிவித்தனர்.

இவற்றையெல்லாம் நேற்றும் இன்றும் என ஒப்பிட்டுக் காட்டுபவை நிழற்படங்களே. ஒரே பாறையை ஆண்டுதோறும் எடுத்த படங்கள் ஆயிரம் சொற்களால் மறுக்க முடியாத சாட்சியம் சொல்கின்றன. ஆமையின் கன்னத்தில் உள்ள செதில்களின் அமைப்பு ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு இராது. ஆகவே படத்தைக்கொண்டே ஒவ்வோர் ஆமையையும் இன்னதென்று அறிஞர் அடையாளம் காண்கின்றனர். ஆமைக்குப் பெயரும் எண்ணும் இடுகின்றனர். எங்கே கண்டனர், எப்போது கண்டனர் என்று பதிவு செய்கின்றனர். உடலில் குறி பொறிக்காமலே ஓர் உயிரை அறிந்து காக்க வழி பிறந்திருப்பது மகிழத்தக்கது.

பதிவில் இல்லாத முகங்கள்

அதே நீரின் மேற்பரப்பில், ஆமைக்குக் கிடைத்த பதிவுகூடக் கிடைக்காத மானிடர் வாழ்கின்றனர். அவர்கள் பஜாவ் லாவுட் எனப்படும் கடலோடி மக்கள். லெப்பா என்னும் மரப்படகே அவர்களின் பழைய இல்லம். போர்னியோ, சூலு, சுலாவெசிக் கடல்களில் எல்லைக்கோடுகள் தோன்றுமுன்பே அவர்கள் உலவினர். சுலாவெசியில் வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல் அண்டை நிலத்தாரின் மண்ணீரலைவிட ஏறக்குறைய பாதியளவு பெரிது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்டது. மூச்சடக்கி நெடுநேரம் நீரடியில் இருக்க அது துணை செய்கிறது. கடலே அவர்கள் உடலில் தன் கையெழுத்தை இட்டிருக்கிறது. அரசுகளின் ஏடுகளிலோ அவர்களுள் பலருக்குக் கையெழுத்தில்லை. பிறப்புச் சான்றும் இல்லை.

சான்றில்லாத குழந்தைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதரிது. காலை வேளையில் விருந்தினர் படகேறும்போது, சிறுபடகைத் தானே வலித்துக்கொண்டு வரும் ஏழெட்டு வயதுச் சிறுமியை மாபுலில் காணலாம். மடியில் கைக்குழந்தையாய்த் தம்பி இருப்பான். மீனோ சிப்பியோ விற்பாள்; இல்லையேல் கை நீட்டுவாள். படக்கருவிகள் அவளை நோக்கித் திரும்புகின்றன. நீருக்குள் ஒரு சிறு மீனுக்காக அரை மணி நேரம் அசையாது காத்தவர், அவள் முன் அரைக்கணமும் நில்லாமல் விசையை அழுத்துகிறார். மீனைக் கலைக்கலாகாது என்று விதி கற்றவர்க்கு, மனிதரிடம் இசைவு கேட்க வேண்டும் என்னும் விதி நினைவுக்கு வருவதில்லை.

2024 ஜூன் மாதத்தில் செம்போர்ணா வட்டாரத்துத் துன் சக்காரான் கடற்பூங்காத் தீவுகளில் பஜாவ் லாவுட் மக்களின் வீடுகள் நூற்றுக்கு மேல் இடிக்கப்பட்டன. பாதுகாப்பும் பூங்காச் சட்டமும் காரணமாகக் கூறப்பட்டன. எல்லை கடந்து வரும் குற்றவாளிகளால் அக்கடல் பட்ட துன்பம் பொய்யன்று; பூங்காவைப் பேண வேண்டுவதும் உண்மையே. ஆயினும் கடலைக் காப்பது என்னும் பெயரால் கடலை மட்டுமே அறிந்த மக்கள் கரையற்றுப் போவது எவ்வகைக் காப்பு என்னும் கேள்விக்கு விடை எளிதன்று. வெடிவைத்து மீன்பிடிப்பவன் தீயவன் என்று சொல்லிவிடுவது எளிது. எழுத்தும் தொழிலும் சான்றும் மறுக்கப்பட்டவனுக்கு வேறு வழி யாது என்று கேட்பது கடினம்.

கடினமான கேள்வியைக் கேட்டவர் சிலரும் உண்டு. அவ்வட்டாரத் தீவுகளில் தொண்டர்கள் மாற்றுப் பள்ளிகள் நடத்துகின்றனர். பலகைத் தரையில் அமர்ந்து எழுத்தும் எண்ணும் கற்கும் அக்குழந்தைகளைத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு அறிந்தவர்கள் அயலாராக எண்ண இயலாது. கூரை மட்டுமே உடைய கொட்டகையிலும் ஒரே அறையிலும் பல வகுப்புகள் நடந்த காலம் இந்நாட்டுத் தமிழர்க்கும் இருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாமையால் பள்ளிக்கும் தேர்வுக்கும் அலைந்த பிள்ளைகள் தமிழர் குடும்பங்களிலும் உண்டு. ஆதலால் மாபுலின் சிறுமி தொலைவில் உள்ளவள் அல்லள்.

சிப்பாடான் தீவு மலேசியாவுக்கு உரியதாயிற்று. ஆமை முட்டையைக் காத்தது, பறவைக்குப் புகலிடம் தந்தது, இருளில் விளக்கேற்றியது என்னும் மூன்று செயல்கள் அதற்குச் சான்றுகளுள் நின்றன. காப்பதனால் உரிமை பிறக்கும் என்பது அத்தீர்ப்பு உணர்த்தும் நீதியாயின், அது தீவுக்கு மட்டும் உரிய நீதியன்று. கண்டதைக் காக்கும் கடமை காண்பவரைச் சேர்ந்தது. நீரடியில் ஒளியேந்திச் செல்பவர் மறைந்த நிறத்தை மீட்டுக் காட்டுகிறார். மேலே வந்தபின் அதே பொறுமையோடும் அதே மென்மையோடும் மேற்பரப்பில் வாழ்வோரையும் காண்பாராயின் அவர் கலை நிறைவு பெறும். ஆசிரியர் பணியும் அதுவே. அருகே செல்லுதல், அஞ்சும்படி செல்லாமை, காத்திருத்தல், ஒளி தருதல் ஆகிய நான்கும் கடலடிக்கும் வகுப்பறைக்கும் பொதுவான விதிகள் ஆகும்.